ஒரு வருடத்துக்கு மூன்று கதை

"உங்கள ஆருங்க்கா பதில் சொல்லச் சொன்னா? ஊடு பூட்டியிருந்தா அந்தாளு போயிட்டு நாளைக்கு வரட்டும். நீங்க எதுக்குங்க்கா ஓடியாந்து வாயத் தொறந்தீங்க?"

"ஓடியாந்தனா? ஏம்புள்ள, என்ற வாசல்ல வந்து வண்டிய நிறுத்தி 'செல்லமுத்து ஊடு எதுங்க'ன்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லச் சொல்றியா? இருவது வருசமா ஒரே மதிலு!"

"ஊட்டக் காட்டறது வேறங்க. எம்புள்ளையப் பத்தி நாயம் பேசறது வேறங்க."

"அப்படி என்னத்தத் தப்பாப் பேசிப்போட்டேன்? தங்கமான புள்ளைன்னேன். பன்னண்டாவது முடிச்சுட்டு ஒரு வருசம் நாமக்கல் ஆஸ்டல்ல தங்கி டாக்டருக்குப் படிச்சுதுன்னேன். நீ சொன்னதத்தானே சொன்னேன்? ஒரு வார்த்தை கூட்டவுமில்ல, கொறைக்கவுமில்ல!"

மஞ்சுளா பதிலுக்கு இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கத்தினாள்.

பரமத்தி வேலூரிலிருந்து ஜேடர்பாளையம் போகிற வழியில், வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் முடிந்து மேட்டுக்காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது புளியங்காட்டூர். மொத்தம் நாற்பது வீடு. ஒரு வீட்டில் குரல் உயர்ந்தால் மற்ற முப்பத்தொன்பது வீட்டிலும் மிக்சி நின்றுவிடும். அன்றும் நின்றது. ஆனால் சத்தம் கேட்டதே தவிர விஷயம் பிடிபடவில்லை. தான் ஊரெல்லாம் சொல்லிவைத்ததை இன்னொருத்தி அப்படியே திருப்பிச் சொன்னதற்கு இத்தனை ஆத்திரப்படுகிறவளை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

திட்டு வாங்கின அன்புச்செல்வி மஞ்சுளாவுக்கு ஓரகத்தி முறை. மஞ்சுளாவின் கணவர் செல்லமுத்துவுக்குப் பெரியப்பன் மகன் மணிமாறன். அவர் மனைவிதான் அன்புச்செல்வி. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே மதில். மதிலுக்கு இந்தப் பக்கம் சௌமியா, அந்தப் பக்கம் கௌசிக். இருவரும் ஒரே வருடம் பிறந்து, ஒரே பள்ளியில் ஒரே வருடம் பன்னிரண்டாவது முடித்தவர்கள். இது போதும், இரண்டு அம்மாக்களுக்குப் பேச வேறு விஷயமே தேவைப்படவில்லை.

முந்தின நாள் வந்த ஆள் பெயர் வீரபாகு. நாற்பது வயது, தலைக்கவசம், தோளில் ஒரு பை. நாமக்கல்லில் ஒரு சின்ன ஏஜென்சியில் வேலை. சென்னையில் இருக்கிற கம்பெனிகள் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளை வேலைக்கு எடுத்தால், பிள்ளை சொன்ன விலாசம் உண்மைதானா, சொன்ன சங்கதிகள் உண்மைதானா என்று நேரில் போய் விசாரித்து, வீட்டுக் கதவைப் போட்டோ பிடித்து அனுப்புவது அவர் தொழில். செல்லமுத்து வீடு பூட்டியிருந்தது. சௌமியா ஜெராக்ஸ் எடுக்கப் பரமத்தி வேலூர் போயிருந்தாள். அன்புச்செல்விதான் வந்தாள், ஒரு சொம்பு மோருடன். படிப்புக்கு நடுவில் ஒரு வருடம் இடைவெளி இருக்கிறதே, அப்போது பெண் எங்கே இருந்தாள் என்று வீரபாகு கேட்டார். ஆஸ்டல் என்றாள். ஒரு வீடு போதாது என்று இன்னும் இரண்டு வீட்டில் கேட்டார். ஆஸ்டல், ஆஸ்டல். புளியங்காட்டூரில் இப்படி ஒரு ஒற்றுமை ஊராட்சித் தேர்தலில்கூட இருந்ததில்லை.

அந்த ஒற்றுமைதான் வினையாகப் போனது. அதற்கு ஐந்து வருடம் பின்னால் போக வேண்டும். நெடுந்தூரம் இல்லை.

சௌமியா பன்னிரண்டாவதில் நல்ல மார்க். நீட்டில்தான் ஆகவில்லை. கௌசிக் நீட் பக்கமே போகாமல், கையில் கிடைத்த இன்ஜினியரிங் காலேஜில் ஆகஸ்ட் மாதமே சேர்ந்துவிட்டான். "எம்பையன் ஒரு வருசங்கூட வீணாக்குல. நடுவுல கேப் உட்டா கம்பெனிக்காரன் சீண்டமாட்டானாமா" என்று அன்புச்செல்வி மதிலுக்கு மேலாகச் சொன்னாள். "டாக்டராகறதுன்னா ஒரு வருசம் போனாப் போகுதுங்க்கா" என்று மஞ்சுளா மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னாள். சொன்னதோடு நிற்கவில்லை. மகளை, நீட் மறுபடி எழுதுகிறவர்களுக்கான ரிப்பீட்டர் வகுப்புக்கு ஆஸ்டலில் விடப் போகிற அன்று கோழியடித்து, பங்காளி வீடுகளையெல்லாம் கூப்பிட்டுச் சோறு போட்டாள்.

ஐந்தாவது வாரம் சௌமியா பெட்டியோடு பஸ் ஏறி வந்துவிட்டாள்.

வாராவாரம் பரீட்சை, மார்க் வரிசைப்படி உட்காரவைப்பார்கள். போன வாரம் நாலாவது பெஞ்சு, இந்த வாரம் ஒன்பதாவது பெஞ்சு. காரணம் அது இல்லை என்றாள். "எனக்கு டாக்டர் வேண்டாம்மா. அடுத்த வருசம் கம்ப்யூட்டர் சேந்துக்கறேன்." செல்லமுத்து, "சரி சாமி" என்றார். அவர் எதற்கும் "சரி சாமி" என்பவர். மஞ்சுளாவால் அப்படி முடியவில்லை. கோழிக்குழம்பு சாப்பிட்டவர்கள் இன்னும் கையே காயாமல் இருக்கிறார்கள். காலேஜ் சேர்க்கையோ முடிந்துவிட்டது. பெண் வீட்டில் சும்மா இருக்கிறாள் என்று மதிலுக்கு மேலாக எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை. சௌமியாவை மேட்டுக்காட்டில் இருக்கிற கோழிப் பண்ணைக்கு அனுப்பிவிட்டாள். ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர். இருபதாயிரம் முட்டைக் கோழி, ஒரு ஆபீஸ் அறை, ஒரு கட்டில். வாசலில் மருந்துத் தண்ணீர் ஊற்றின தொட்டி. யார் வந்தாலும் அதில் காலை நனைத்துத்தான் உள்ளே போக வேண்டும். அந்த வருடம் மஞ்சுளா அப்படி வருவதையும் நிறுத்தி, "கோழிக்கு நோய் பரவுதாம்ங்க, வெளியாளே உள்ள வரப்படாதுன்னு டாக்டரு சொல்லிட்டாருங்க" என்று ஒறம்பறை, சொந்தபந்தம் அத்தனை பேரையும் கேட்டுக்கு வெளியிலேயே தடுத்துவிட்டாள். கோழிக்கு வராத நோயைச் சொல்லிப் பெண்ணை மறைத்த குடும்பம் நாமக்கல் மாவட்டத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

இன்னொரு சிக்கல். ஆஸ்டலில் பெற்றோர் பார்க்கிற நாள் மாதத்தில் இரண்டு ஞாயிறு. போகாவிட்டால் ஊர் கேட்கும். அதனால் மஞ்சுளா அந்த ஞாயிறுகளில் பட்டுச்சேலை கட்டி, தூக்குப்போசியில் பிரியாணி எடுத்து, எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒன்பது மணி பஸ்ஸில் நாமக்கல் போவாள். கோட்டைப் பாறை அடிவாரத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்து பிரியாணியைத் தானே தின்பாள். நாலு மணி பஸ்ஸில் வெறும் போசியோடு திரும்பி வந்து, "புள்ள இளைச்சுப்போச்சுங்க்கா" என்பாள். பத்து மாதம் இது நடந்தது. மஞ்சுளா நாலு கிலோ கூடினாள்.

உள்ளே சௌமியா படுத்துத் தூங்கவில்லை. பண்ணையை அவள்தான் பார்த்தாள். தடுப்பூசி நாள், தீவனக் கலவை, முட்டை வண்டிக்காரனிடம் பேச்சு, எல்லாம். சித்திரை வெயிலில் நாளுக்கு எழுபது கோழி செத்து விழுந்தது. தீவனம் போடுகிற நேரத்தை விடியலுக்கு மாற்றி, கூரைமேல் தண்ணீர் தெளிக்கிற நேரத்தை மாற்றி, ஷெட்டுக்கு ஷெட்டு தனித்தனியாகக் குறித்துவைத்துப் பார்த்து, அதை இருபதுக்குக் கொண்டுவந்தாள். செல்லமுத்துவுக்குப் பெருமைதான். யாரிடமும் சொல்ல முடியாத பெருமை.

மறுவருடம் காலேஜில் சேரும்போது, அந்த ஒரு வருடம் என்ன செய்தாய் என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கிவரச் சொன்னார்கள். செல்லமுத்து பரமத்தியில் கோர்ட்டுக்கு எதிரே டைப் அடிக்கிற மாதேஸ்வரனிடம் போனார். மாதேஸ்வரனின் கம்ப்யூட்டரில் எல்லாவற்றுக்கும் ஒரு டிராப்ட் தயாராக இருக்கும். பெயரை மட்டும் மாற்றுவார். ஒரு வருடம் படிக்கவில்லை என்றால் 'உடல்நலக் குறைவால்' என்று இருக்கும். அப்படியே அடித்தார். செல்லமுத்து, சரி சாமி என்று கையெழுத்துப் போட்டார். நோட்டரி சீல் விழுந்தது. ஊருக்கு ஆஸ்டலில் இருந்தவள், சர்க்காருக்குச் சீக்காளியானாள்.

நாலு வருடம் இதை யாரும் சீண்டவில்லை. கூடப் படித்தவர்கள் அவளைவிட ஒரு வயது சின்னவர்கள்; முதல் மாதம் 'அக்கா' என்றார்கள், அப்புறம் மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான் அந்த ஒரு வருடத்தால் வந்த கெடுதல். கடைசி வருடம் சென்னைக் கம்பெனி ஒன்று காலேஜுக்கு வந்தது. இன்டர்வியூவில் ஒருவர், சும்மா பேச்சுக்கு, அந்த ஒரு வருடத்தைக் காட்டி, "அப்போது என்ன செய்தாய்?" என்றார். சௌமியா வாய் தவறிப்போய் உண்மையைச் சொல்லிவிட்டாள். எழுபது கோழி இருபதான கதையை அவர் கால் மணி நேரம் கேட்டார். மாலையில் தேர்வானவர்கள் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. ஜூலையில் சேர வேண்டும் என்று கடிதமும் வந்தது; கேட்ட சான்றிதழ்களோடு அந்த முத்திரைத்தாளும் கம்பெனிக்குப் போயிற்று. இந்த முறை மஞ்சுளா அடித்தது கோழி இல்லை, ஆடு.

வீரபாகு வந்துபோன மறுநாள்தான் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. சௌமியா அதை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் படித்துத் தமிழில் சொன்னாள். உன்னுடைய ஒரே வருடத்துக்கு எங்களிடம் மூன்று கதை இருக்கிறது. இன்டர்வியூவில் பண்ணை. முத்திரைத்தாளில் நோய். உன் ஊரில் மூன்று வீட்டில் விசாரித்ததில் ஆஸ்டல். எது உண்மை என்று ஐந்து வேலை நாளுக்குள் ஆதாரத்தோடு சொல். அதுவரை நீ சேருவது நிறுத்திவைக்கப்படுகிறது.

"போனாப் போகுது உடு கண்ணு, வேற கம்பெனி இல்லாமலா போயிரும்" என்றார் செல்லமுத்து.

"கேம்பஸ்ல ஒரு ஆபர் வாங்கினவங்கள அடுத்த கம்பெனிக்கு உட மாட்டாங்கப்பா. எனக்கு வேற ஆபரே இல்ல. படிப்பும் முடிஞ்சுருச்சு. இது போனா வெளியில போய்த் தேடோணும். அங்கயும் இந்தத் தாளத்தான் கேப்பாங்க."

சௌமியா அழவில்லை. அழுதிருந்தால் மஞ்சுளாவுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். பெண் அவளைப் பார்த்த பார்வையில் கோபமும் இல்லை. கணினித் திரையைப் பார்க்கிற பார்வைதான். அந்தப் பார்வையைத் தாங்க மாட்டாமல்தான் மஞ்சுளா எழுந்து போய் மதிலோரம் சண்டையைத் தொடங்கினாள். சண்டையில் நியாயம் தன் பக்கம் இல்லை என்பது இரண்டாவது வாக்கியத்திலேயே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. தொடங்கின சண்டையை அதற்காகவெல்லாம் நிறுத்துகிற பழக்கம் அந்தத் தெருவில் இல்லை.

மதியத்துக்குமேல் மூவரும் பரமத்தி போனார்கள். மாதேஸ்வரன் மெயிலைப் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சீக்குன்னு அடிச்சாச்சுங்க. சீல் உழுந்தாச்சுங்க. இனி அதையே கெட்டியாப் புடிச்சுக்கோணும். ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு மட்டும் வாங்கிட்டீங்கன்னா முடிஞ்சுது."

"என்ன சீக்குன்னு வாங்கறதுங்க?" என்றாள் மஞ்சுளா.

"ஒரு வருசம் இழுக்கற மாதிரி ஒண்ணு. மஞ்சக்காமாலை?"

"அது ஒரு மாசத்துல எறங்கிருமேங்க."

"அப்ப டி.பி."

"ஐயையோ! நாளைக்குப் புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்க வேண்டாமுங்களா?"

"முதுகுத்தண்டு?"

"பிரசவத்துக்கு ஆகாதுன்னு சொல்லிருவாங்க."

"அம்மணிக்கு எதைப் போட்டாலும் ஒரு குத்தஞ் சொல்றீங்களே. ரத்தசோகை போடுங்க. பொம்பளைப் புள்ளைகளுக்கு இருக்கறதுதானுங்க. ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

ரத்தசோகை மஞ்சுளாவுக்குப் பிடித்திருந்தது. கௌரவமான வியாதி; சம்பந்தி வீட்டில் சொன்னால்கூட பேரீச்சம்பழம் வாங்கிவருவார்கள். செல்லமுத்து "சரி சாமி" என்பதற்கு வாயைத் திறந்தார்.

"உண்மையையே எழுதிக் குடுத்தர்லாம்ங்க" என்றாள் சௌமியா.

மாதேஸ்வரன் அவளை ஒரு தினுசாகப் பார்த்தார். "உண்மைக்கு என்கிட்ட டிராப்ட் இல்லீங்களே அம்மணி."

சௌமியாவே எழுதினாள், கடையிலேயே உட்கார்ந்து, ஒரு பக்கம். பிறகு மெயிலில் இருந்த நம்பரில் வீரபாகுவுக்குப் போன் போட்டாள். வீரபாகு பாவம், பயந்துபோயிருந்தார். மூன்று வீட்டில் கேட்டது பொய் என்று ஆகிவிட்டால், இவர் ஊருக்கே போகாமல் டீக்கடையில் உட்கார்ந்து எழுதினார் என்று ஏஜென்சி சொல்லும். "சொன்னவங்களே அது தப்புன்னு கைப்பட எழுதிக் குடுத்தா நான் மறுபடியும் அனுப்பறேன் அம்மணி. மொதல்ல பேசின அந்த அம்மா கண்டிப்பாக் குடுக்கோணும். உங்க ஊட்டு ஆளுக மட்டும் எழுதினாச் செல்லாது."

அந்த அம்மா. திரும்பி வருகிற பஸ்ஸில் மஞ்சுளாவுக்கு அதே நினைப்பு. காலையில் காது கூசுகிற மாதிரி யாரைத் திட்டினாளோ, அவளிடம் போய், நான் அத்தனை வருடம் சொன்னது பொய் என்று சொல்லி, கையெழுத்தும் கேட்க வேண்டும். வேறு யாராவது கிடைப்பார்களா என்று யோசித்துப் பார்த்தாள். பண்ணையில் இருந்த வேலைக்காரக் குடும்பம் ஒடிசாவுக்கே போய்விட்டது. ரத்தசோகை இன்னும் மனதில் ஒரு ஓரமாக இருந்தது. மகளைப் பார்த்தாள். சௌமியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்புச்செல்வி புழக்கடையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். மஞ்சுளா வந்ததைப் பார்த்தும் நிமிரவில்லை.

"அக்கா."

"என்ன, இன்னும் பாக்கி இருக்குதா?"

"காத்தால ஒரு வார்த்தை கூடக்கொறையாப் பேசிப்போட்டேன்ங்க்கா."

"ஒரு வார்த்தையா? எண்ணிப்பாத்தியா?"

மஞ்சுளா பாதியை விழுங்கி, பாதியைச் சுற்றி வளைத்து, கடைசியில் சொல்லியேவிட்டாள். புள்ள ஆஸ்டல்ல இல்லீங்க. பண்ணையிலதான் இருந்துச்சுங்க. சொல்லிவிட்டு, பூமி பிளக்கும் என்று எதிர்பார்த்து நின்றாள்.

அன்புச்செல்வி பக்கெட்டைக் கீழே வைத்தாள். "அதான் தெரியுமே."

"என்னுங்க?"

"மொத மாசமே தெரியும். முட்டை வண்டிக்காரன் சொல்லிட்டான். அப்பறம் ஒரு ஞாயித்துக்கிழமை நாமக்கல்ல, நீ பாறைக்குக் கீழ உக்காந்து போசியில கையுட்டு வழிச்சுத் தின்னுட்டிருந்தே. நானும் கௌசிக்கும் எதுத்தாப்ல செருப்புக் கடையில இருந்தோம்."

"அப்பறம் ஏனுங்க்கா கேக்குல?"

"என்னன்னு கேக்கறது? 'ஏம்புள்ள, பிரியாணி நல்லாருந்துச்சா'ன்னா? நீ ஆஸ்டலுன்னு சொன்னே. சரி, நம்ம ஊட்டுப் புள்ள, நாமளும் ஆஸ்டலுன்னே சொல்லுவம்னு சொன்னேன். அந்தாளு கேட்டப்பவும் உனக்காகத்தான் சொன்னேன். அதுக்குத்தான் ஊரு கேக்க வாங்கிக் கட்டிக்கிட்டனே."

மஞ்சுளா, எழுதி வாங்கக் கொண்டுவந்த வெள்ளைத் தாளை நீட்டினாள். அன்புச்செல்வி அதைத் தொடவில்லை.

"ஏம்புள்ள, நான் சொன்னது பொய்னு நானே எழுதி நானே கையெழுத்துப் போடோணுமா? மெட்ராஸ்ல எவனோ ஒருத்தன் படிச்சுட்டு, அன்புச்செல்வின்னு ஒரு பொய்க்காரி புளியங்காட்டூர்ல இருக்கறான்னு நெனைக்கோணும். உன்ற பொய்க்கு என்ற பேரு. நல்லாருக்குதே நாயம்!"

"பின்ன என்னங்க்கா செய்யட்டும்? புள்ளைக்கு வேலை போயிரும்ங்க."

"புள்ளைக்காகத்தான் நிக்கறேன். இல்லாட்டி இந்நேரம் கதவச் சாத்திருப்பேன்." அன்புச்செல்வி சற்று யோசித்தாள். யோசித்தாள் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. காலையிலிருந்தே தயாராக வைத்திருந்த மாதிரித்தான் இருந்தது. "பொய் உன்னுதுன்னு மேல நீ எழுது. 'நான் சொன்னதத்தான் இவங்க சொன்னாங்க'ன்னு எழுது. எழுதி, காத்தால பால் சொசைட்டியில அல்லாரு முன்னாலயும் படி. அப்பறம் நான் கீழ போடறேன் கையெழுத்து."

"அல்லாரு முன்னாலயுமா?"

"அல்லாரு முன்னாலயும்தானே ஆடு வெட்டினே?"

மறுநாள் காலை ஆறரைக்குப் பால் சொசைட்டியில் இருபது இருபத்தைந்து பேர் கேனோடு நின்றார்கள். சொசைட்டியில் பால் அளக்கிறவர் செங்கோடன். மஞ்சுளா ஞாயிறுகளில் கட்டுகிற அதே பட்டுச்சேலையைக் கட்டி வந்தாள் என்று சிலர் பிற்பாடு சொன்னார்கள். அது கூட்டிச் சொன்னது. சாதாரண நூல் சேலைதான். தாளைப் பிரித்துப் படித்தாள்.

"நான், செல்லமுத்துவின் மனைவி மஞ்சுளா, எழுதிக்கொடுப்பது. என் மகள் சௌமியா அந்த ஒரு வருடம் ஆஸ்டலில் படித்தாள் என்று ஊரில் அனைவரிடமும் சொன்னது நான். அது உண்மை அல்ல. அவள் ஐந்து வாரத்தில் திரும்பி வந்து எங்கள் கோழிப் பண்ணையைப் பார்த்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு அன்புச்செல்வி உள்ளிட்டவர்கள் நான் சொன்னதையே சொன்னார்கள். பிழை என்னுடையது."

படித்து முடித்தாள். ஐந்து வருடமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது வெளியே வந்துவிட்டது. இனி என்ன சொல்வார்களோ என்று தலையைத் தூக்கினாள்.

வரிசையில் முன்னால் நின்ற சின்னாயி கேனைத் திறந்து பாலை ஊற்றினாள். செங்கோடன் மீட்டரைப் பார்த்து நம்பரைக் குறித்தார்.

"ஏம்மா, அது எல்லாத்துக்கும் தெரிஞ்சதுதானே?" என்றார் தலை நிமிராமல். "உன்ற கேனைக் கொண்டா. வண்டி வந்துரும்."

"உங்களுக்குமா?" என்றாள் மஞ்சுளா.

"அந்த வருசம் பண்ணை முட்டை பெருசா வந்துச்சும்மா. நீ பாத்தா அப்படி வராதுன்னு எல்லாரும் பேசிக்கிட்டோம்."

பின்னால் ஒருத்தி சிரித்தாள். அவ்வளவுதான் நடந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். ஏளனம் பேசியிருந்தால் ஒரு மாதம் வெளியே வராமல் இருந்திருப்பாள். பத்து மாதம் பட்டுச்சேலை கட்டிப் பஸ் ஏறினதை நாற்பது வீடும் தெரிந்தே பார்த்துக்கொண்டு நின்றது என்பதற்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பாலை ஊற்றினாள். அன்றைக்குப் பாலின் கெட்டி குறைவு, டிகிரி ஏறவில்லை என்றார் செங்கோடன். அதற்குக்கூடச் சண்டை போடவில்லை.

அன்புச்செல்வி சொன்னபடியே கையெழுத்துப் போட்டாள், கொட்டை எழுத்தில், தன் பெயருக்குக் கீழே தானாகவே 'உண்மை' என்று ஒரு வார்த்தையும் சேர்த்து. வீரபாகு கேட்ட மற்ற இரண்டு வீட்டிலும் போட்டார்கள். கேட்காத எட்டு வீட்டிலும் தாளை வாங்கிப் போட்டார்கள். ஊர்ப் பெயர் சென்னைக்குப் போகிறது என்றால் யார் விடுவார்கள்? வீரபாகு மறுபடியும் வந்து, கையெழுத்துப் போட்ட பதினொரு பேரையும் வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

கம்பெனியின் பதில் ஒன்பதாம் நாள் வந்தது. சௌமியா நின்றுகொண்டே படித்தாள். படிப்பில் ஒரு வருட இடைவெளி இருப்பதை நாங்கள் குறையாகப் பார்ப்பதில்லை; இரண்டு வருடம் வரை காரணம்கூடக் கேட்பதில்லை. முத்திரைத்தாளில் பொய் இருந்ததுதான் எங்களுக்குச் சிக்கல். விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறோம். சரியான உறுதிமொழியைப் புதிதாகத் தர வேண்டும். விசாரணை முடிவதற்குள் ஜூலைக் குழு நிரம்பிவிட்டதால், ஜனவரிக் குழுவில் சேரலாம்.

"காரணமே கேக்க மாட்டாங்களாமா?" என்றாள் மஞ்சுளா.

"ரெண்டு வருசம் வரைக்கும்."

"அதை மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"நீங்க ஆரையாச்சும் கேட்டீங்களாம்மா?"

செல்லமுத்து இந்த முறை "சரி சாமி" என்று சொல்லவில்லை. எழுந்து போய்ப் பண்ணைச் சாவியை எடுத்து மகளிடம் கொடுத்தார். சௌமியா அதை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டியில் பட்டப்பகலில், ஊர் நடுவே, பண்ணைக்குப் போனாள். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை ஆறு மாதம் அப்படிப் போனாள். புள்ள என்ன பண்ணுது என்று ஜேடர்பாளையத்து ஒறம்பறை யாரோ கேட்டதற்கு, "வேலை ஜனவரியிலங்க, அதுவரைக்கும் சும்மா ஊட்டுல இருக்குது" என்றாள் மஞ்சுளா. சொல்கிறபோது குரல் கொஞ்சம் விறைப்பாக இருந்ததாகக் கேட்டவர்கள் சொன்னார்கள். பழகாத வேலை அப்படித்தான் இருக்கும்.

ஜனவரியில் சௌமியா சென்னை போனாள். ஒன்றரை வருடம் கழித்து, வைகாசியில், திருச்செங்கோட்டுத் தனசேகரைக் கட்டிக்கொண்டாள். அவனுக்கு ஓசூரில் வேலை என்று அங்கே மாற்றல் வாங்கிப் போய்விட்டாள். தனசேகர் காலேஜ் முடித்து இரண்டு வருடம் சர்க்கார் பரீட்சை எழுதிக்கொண்டு வீட்டில் இருந்தவன். பெண் பார்க்க வந்தபோதே அவன் அம்மா அதைச் சொல்லிவிட்டாள். மஞ்சுளா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு வருடமும் வீணாக்காத கௌசிக்குக்கு நாலு வருடம் முடிந்த பிறகும் ஏழு பேப்பர் பாக்கி இருந்தது. அதை எழுதி முடிக்க இரண்டு வருடம் ஆயிற்று. பிறகு கரூரில் ஒரு துணி ஏற்றுமதி ஆபீஸில் இடம் கிடைத்தது. இளம்பிள்ளையிலிருந்து ஒரு தறிக்காரர் வீட்டுப் பெண்ணை அவனுக்கு முடித்தார்கள். ஆவணி மாதம் மணிமாறனும் அன்புச்செல்வியும் மாட்டை விற்றுவிட்டு மகனோடு இருக்கக் கரூருக்கே குடிபோய்விட்டார்கள். அந்த வீட்டில் இப்போது ஒரு தீவனக் கம்பெனி மேனேஜர் வாடகைக்கு இருக்கிறார். குடும்பம் சொந்த ஊரில் இருக்கிறது என்று அவர் சொல்கிறார்; மஞ்சுளாவும் கேட்பவர்களிடம் அப்படியே சொல்கிறாள்.